கட்டுச்சோறு இல்லாத விதை

ஸ்ரீபெரும்புதூரில் பிரிந்து ஒரகடம் செல்லும் சாலையில் போயிருக்கிறீர்களா? இருபுறமும் தொழிற்சாலைகள். உதிரிப் பாகங்கள் முன்கூட்டியே வந்து சேர்ந்திருந்தால்தான் இங்கே ஒரு வண்டி முழுமை பெற்று வெளியே வரும்.

விதையும் அப்படித்தான். ஊறவைத்த அவரை விதை ஒன்றைப் பிளந்து பாருங்கள். உள்ளே தடித்த பருப்புகள் இரண்டு இருக்கும். குழந்தைச் செடிக்குத் தாய்ச் செடி கட்டிக் கொடுத்த கட்டுச்சோறு அது. கட்டுச்சோறே இல்லாமல் பிள்ளைகளை அனுப்பிவிடும் தாயும் உண்டு. அதுதான் ஆர்க்கிடு!

டார்வினின் கணக்கு

ஆர்க்கிடு விதை தூசி போன்றது. மிகச் சிறிய கரு ஒன்றும், அதைச் சுற்றி மெல்லிய உறையும் மட்டுமே அதில் உண்டு. ஆனால் எண்ணிக்கைக்குக் குறைவில்லை. இங்கிலாந்தின் ஆர்க்கிடுச் செடி ஒன்றில் 1,86,300 விதைகள் இருக்கலாம் என்று சார்லஸ் டார்வின் 1862-இல் கணக்கிட்டார். அத்தனையும் முளைத்துப் பெருகினால், அதன் கொள்ளுப்பேரச் செடிகளே உலகின் நிலப்பரப்பு முழுவதையும் ஏறத்தாழ மூடிவிடுமாம்! அப்படி நடக்காமல் தடுப்பது எது? அவருக்கு விடை கிடைக்கவில்லை.

1899-இல் நோயல் பெர்னார் என்ற பிரெஞ்சு அறிஞர் முளைத்துக்கொண்டிருந்த ஆர்க்கிடு விதைகளை ஆராய்ந்தார். அவற்றினுள் பூஞ்சை இழைகள் இருந்தன. அந்தப் பூஞ்சைதான் விதைக்கு உணவூட்டுகிறது. அதைச் சந்திக்காத விதை முளைத்து வளர முடியாமல் மடிகிறது. இலட்சக்கணக்கான விதைகளில் மிகச் சிலவே பிழைப்பது இதனால்தான்.

புட்டிக்குள் ஒரு தோட்டம்

பூஞ்சை கொடுக்கும் உணவை நாமே கொடுத்தால் என்ன? 1922-இல் அமெரிக்காவின் லூயிஸ் நட்சன் இதைச் செய்து காட்டினார். சர்க்கரையும் தாது உப்புகளும் கலந்த அகர் கூழில் விதைகளைத் தூவினார். பூஞ்சை இன்றியே அவை முளைத்தன. அகர் என்பது கடற்பாசியிலிருந்து எடுக்கப்படும் பொருள். நம் இராமநாதபுரம் கடலோரத்தில் கிடைக்கும் மரிக்கொழுந்துப் பாசியிலும் கஞ்சிப்பாசியிலும் அது உண்டு.

சர்க்கரைக் கூழ் என்றால் காற்றிலுள்ள பூசணத்திற்கும் விருந்துதானே! ஆகவே புட்டியையும் கூழையும் நீராவி அழுத்தத்தில் 121 பாகை செல்சியசில் வைத்து நுண்ணுயிர்களை நீக்கிய பிறகே விதைக்கிறார்கள். விதை முதலில் பச்சை உருண்டையாகிறது. பிறகு இலையும் வேரும் விடுகிறது.

வீட்டுக்கு வந்த நாற்று

பொழுதுபோக்காக வளர்ப்பவர்கள் பெரும்பாலும் இந்த நாற்றுப் புட்டியை வாங்கித்தான் தொடங்குகிறார்கள். சோதனை இனிமேல்தான். புட்டிக்குள் எப்போதும் ஈரக்காற்று. இலை மென்மையானது, அதன் மேல் மெழுகுப் பூச்சும் குறைவு. ஒரகடத்துச் சித்திரை வெயிலில் வைத்தால் ஒரே நாளில் வாடிவிடும். வேரில் ஒட்டிய கூழை நன்றாகக் கழுவ வேண்டும். இல்லாவிட்டால் பூசணம் பிடிக்கும். பிறகு கரித்துண்டு, தேங்காய் மட்டைத் துண்டு நிரப்பிய தொட்டியில் நாற்றுகளைக் கூட்டமாக நட்டு, நிழல்வலையின் கீழ் வைத்துச் சிறிது சிறிதாக வெளிக்காற்றுக்குப் பழக்க வேண்டும். நம் சமவெளி வெப்பத்திற்கு டென்ட்ரோபியம், வாண்டா வகைகள் ஏற்றவை. பூப்பதற்குச் சில ஆண்டுகள் ஆகும்.

மிஞ்சிய நாற்றுகளை விற்கலாமா? ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 30 நாற்றுகள் உள்ள புட்டியின் விலை 900 ரூபாய் என்று கொள்வோம். எல்லாம் பிழைத்தால் ஒன்றின் அடக்கவிலை 30 ரூபாய். 18 மட்டுமே பிழைத்தால் 50 ரூபாய். தொட்டி, கரி, இரண்டு வருட உழைப்பு எல்லாம் தனி. இறந்துபோன நாற்றின் விலையையும் உயிரோடிருக்கும் நாற்றுதான் சுமக்கிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தொழிற்சாலைக் கார்களைப் போல இந்த நாற்றுகள் ஒன்றுக்கொன்று அச்சாக இருப்பதில்லை. ஒரே காயிலிருந்து வந்தாலும் அவை உடன்பிறந்தவர்களைப் போலச் சற்றே வேறுபடும். ஆகவே நேர்மையான விற்பனையாளர் "இதே பூதான் பூக்கும்" என்று உறுதி கூறமாட்டார். தாய், தந்தைச் செடிகளின் பெயரைச் சீட்டில் எழுதிக் கட்டுவார்.

மலிவுக்கு மயங்காதீர்கள்

நாற்றுக்கு இவ்வளவு பாடு என்றால், முழுச்செடி ஒன்று மிக மலிவாக எப்படிக் கிடைக்கும்? அது காட்டு மரத்திலிருந்து பிடுங்கியதாக இருக்கலாம். அறுந்த பழைய வேர், ஒட்டியிருக்கும் மரப்பட்டை, பூச்சி அரித்த இலை ஆகியவை அதன் அடையாளங்கள். பூஞ்சையைச் சந்தித்துத் தப்பிப் பிழைத்த அந்த ஒன்றை எடுத்துவிட்டால் அவ்விடத்தில் இன்னொன்று எளிதில் வராது. 1975-இல் நடைமுறைக்கு வந்த சைட்டிஸ் என்னும் பன்னாட்டு உடன்படிக்கை, ஆர்க்கிடுகளின் நாடு விட்டு நாடு செல்லும் வணிகத்தைக் கட்டுப்படுத்துவதும் இதற்காகத்தான்.

ஏற்காடு சென்றால் அங்குள்ள இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் ஆர்க்கிடுத் தோட்டத்தைப் பாருங்கள். வளர்க்க ஆசை வந்தால், விற்பவரிடம் முதலில் ஒரு கேள்வி கேளுங்கள்: "ஐயா, இது புட்டியில் பிறந்ததா, காட்டில் பிறந்ததா?"