சாக்லேட்டில் சத்து எவ்வளவு?

பொள்ளாச்சிப் பக்கம் தென்னந்தோப்பில் ஊடுபயிராகக் கோகோ போட்டவர்கள், காய்ந்த விதையை ஒருமுறையாவது கடித்துப் பார்த்திருப்பீர்கள். ஒரே கசப்பு! அதில் ஏறத்தாழ பாதி கொழுப்பு. கடையில் விற்கிற சாக்லேட்டின் இனிப்பு பெரும்பாலும் பின்னால் சேர்த்த சர்க்கரைதான்.

பால் சாக்லேட் 100 கிராமில் சுமார் 50 கிராம் சர்க்கரை, 30 கிராம் கொழுப்பு. புரதமோ 7, 8 கிராம். அப்படியானால் 40 கிராம் கட்டி ஒன்றில் நாலைந்து தேக்கரண்டி சர்க்கரை இருக்கிறது. 210 கலோரி வரும். மண்வெட்டி பிடிக்கிறவருக்கு அது செலவாகிவிடும். ஆனால், "பிள்ளை சோறு தின்னமாட்டேங்குது, சாக்லேட்டாவது உள்ளே போகட்டும்" என்று தாய்மார்கள் சொல்கிறார்களே, அங்கேதான் சங்கடம். பசி அடங்கிவிடும். உடம்பு வளரத் தேவையான புரதம் 3 கிராம்தான் சேரும்.

அதே 40 கிராம் நிலக்கடலையில் 10 கிராம் புரதம்! நம் காட்டில் விளைகிறது என்பதால் அதற்கு மதிப்பில்லை போலும். கடலை மிட்டாயிலும் வெல்லம் இனிப்புதான். என்றாலும் பாதிக்குமேல் கடலை இருந்தால் 5, 6 கிராம் புரதம் தேறும். சின்னக் குழந்தைக்கு முழுக்கடலை தொண்டையில் அடைக்கும், வறுத்துப் பொடித்துக் கொடுங்கள். பூஞ்சணம் பிடித்த பருப்பைப் பொறுக்கி எறிந்துவிடுங்கள், அது நஞ்சு.

சாக்லேட் வாங்கினால் உறையின் பின்பக்கத்தைப் பாருங்கள். கணக்கு பெரும்பாலும் 100 கிராமுக்குப் போட்டிருக்கும். கட்டியின் எடைக்கு நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ள வேண்டும்.