ரோமம் வரைய ஸ்வேடு கிடைத்தது!

கலர் பென்சிலில் செல்லப்பிராணிகளை வரைபவர்களின் மேசையை எட்டிப் பார்த்திருக்கிறீர்களா? படம் முடிந்து சட்டத்துக்குள் போனபிறகு எல்லோரும் கண்ணைப் புகழ்வார்கள், மூக்கைப் புகழ்வார்கள். பாதி வேலையைச் செய்த அடிப்பரப்பை யாரும் கேட்பதில்லை. இன்று அதைத்தான் காட்டப்போகிறேன், வாருங்கள்! ஆம்பூரில், மாடி அறையில், மேசை கொள்ளாமல் புதுப்புதுத் தாள்கள். நான் வரையப்போகும் ஆள் ஒருவர்தான்: வெள்ளை வெளேரென்ற ராஜபாளையம், ரோஜா நிற மூக்கோடு. 2005இல் அஞ்சல் துறை தபால்தலையில் ஏற்றிய அதே இனம்.

வெள்ளை நாய் என்றாலே கலர் பென்சில்காரர்களுக்கு வயிற்றில் புளி கரையும். பென்சில் நிறம் மெல்லியது. அடியில் இருப்பது மேலே தெரிந்துகொண்டே இருக்கும். வெள்ளைத் தாளில் வெள்ளைப் பென்சிலுக்கு வேலையே இல்லை. தாளின் வெண்மையை விட்டுவைத்து, சுற்றிலும் சாம்பலும் நீலமுமாக நிழல் போட்டு, ஒவ்வொரு முடியாகக் காப்பாற்ற வேண்டும். வழுவழுப்பான ஹாட் பிரஸ் வாட்டர்கலர் தாளில் கண்ணும் மூக்கின் ஈரமும் அற்புதமாக வரும். கழுத்துக்கு வரும்போதுதான் பொறுமை சோதிக்கப்படும்.

அடுத்தது பாஸ்டல்மேட். பிரான்சின் கிளேர்ஃபொன்டேன் தயாரிப்பு, 360 ஜிஎஸ்எம். தொட்டுப் பாருங்களேன்! மேலே நுண்ணிய செல்லுலோஸ் இழைப் பூச்சு. விரலுக்கு மென்மை, பென்சிலுக்கு நல்ல பிடிமானம். அடர்சாம்பல் தாளில் நிழலைப் போட்டு, அதன்மேல் வெள்ளைக் கோட்டை இழுத்தால் அப்படியே நிற்கிறது! நெற்றி முடி எழுந்து வருவதைப் பார்த்துக் கைகொட்டாத குறைதான். பென்சில் மட்டும் கண்ணெதிரே தேயும்.

டிராஃப்டிங் ஃபிலிம் இன்னொரு வேடிக்கை. பாலியெஸ்டர் தகடு. இரண்டு பக்கமும் வரையலாம்: பின்னால் நிழல், முன்னால் முடி. அடுக்கடுக்காக நிறம் ஏற்ற இடம் தராது. ஆனால் ஒளி ஊடே வரும்போது ஓர் ஆழம் கிடைக்கிறது பாருங்கள்! ஆட்டுத்தோலை ஒளி புகும் அளவுக்குப் பக்குவப்படுத்தி, வண்ணம் தீட்டி, விளக்கொளியில் ஆட்டுவிக்கும் நம் தோல்பாவைக் கலைஞர்கள் இதை நெடுங்காலமாக அறிவார்கள்.

தோல் என்று வந்ததும்தான் எனக்குப் பொறி தட்டியது. வெளிநாட்டு ஓவியர்கள் சிலர் ஸ்வேடு போன்ற மேற்பரப்புள்ள மவுன்ட் போர்டில் ரோமம் வரைகிறார்கள். அசல் ஸ்வேடு புழங்கும் ஊரில் உட்கார்ந்துகொண்டு நான் ஏன் போலியைத் தேட வேண்டும்? தெரிந்த ஷூ அப்பர் யூனிட்டில் கேட்டேன். ஒரு பை நிறையக் கட் பீஸ்! தோலின் உள்பக்கத்தைத் தேய்த்து எழுப்பிய நார்தான் ஸ்வேடு. ஆட்டுத்தோலில் அது மாட்டுத்தோலைவிட நுண்மையாக இருக்கும். விரலால் ஒருபக்கம் வருடினால் வெளிறும், எதிர்ப்பக்கம் வருடினால் கறுக்கும். நாயின் முதுகைத் தடவுவதுபோலவே! பென்சில் தொடுமுன்னே ரோமத்தின் போக்கு அங்கே காத்திருக்கிறது.

கட்டிங் செய்யும் தம்பி பையைக் கொடுக்கும்போதே எச்சரித்துவிட்டார்: "சில்வர் பேனால மார்க் பண்ணாதீங்கக்கா, ஸ்வேடுல ஏறுனா போகாது." பொன்னான வார்த்தை. அழிப்பானும் இதில் செல்லாது; தேய்த்தால் நார் படுத்துவிடும். கூர்முனை உழுதுகொண்டு போகும். மழுங்கிய முனையால், மூச்சுவிடும் அழுத்தத்தில், நார் போகும் திசையிலேயே இழுக்க வேண்டும். அடர்பழுப்பு ஸ்வேடில் அந்த ராஜபாளையத்தின் காது மடலைப் போட்டேன். இரண்டே நிறம்தான், வெள்ளையும் இளஞ்சிவப்பும். காது மேலே எழுந்து நின்றது!

நிலைக்குமா என்ற கேள்வி முக்கியமானது. ஆவாரம்பட்டை போன்றவற்றால் பதனிட்ட தோல் வெளிச்சத்தில் நிறம் ஏறும். குரோம் உப்பால் பதனிட்ட தோலில் அந்த மாற்றம் குறைவு. பென்சிலிலும் ரோஜா, ஊதா வகைகள்தான் பெரும்பாலும் முதலில் வெளிறும். அதனால் அந்த மூக்குக்கு, ஒளி தாங்குமா என்று ஏஎஸ்டிஎம் டி6901 தரப்படி சோதித்த கேரன் டாஷ் லூமினன்ஸ் எடுத்துவைத்திருக்கிறேன். மெழுகுப் பென்சிலை அழுத்திப் போட்டால் பின்னாளில் வெண்படலம் பூக்கும். எண்ணெய் கலந்த பாலிகுரோமோஸ் பென்சிலில் அந்தத் தொல்லை இல்லை.

என் தீர்ப்பு இதுதான். காசு வாங்கிக்கொண்டு வரையும் படத்துக்குப் பாஸ்டல்மேட். உள்ளங்கை அளவுப் படத்துக்கு, மகிழ்ச்சிக்கு, ஸ்வேடு. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டுப் பக்கம் யூனிட்டில் வேலை செய்பவர்களே, உங்கள் தெருவில் வரைகிற பிள்ளை ஒன்று நிச்சயம் இருக்கும். கட் பீஸை மூட்டை கட்டுமுன் அடர்நிற ஆட்டு ஸ்வேடில் ஒரு துண்டும், ஒரு வெள்ளைப் பென்சிலும் அந்தப் பிள்ளையிடம் கொடுங்கள்.