மஜ்ஜை இனாம், வாடகை ரொக்கம்

இந்தியாவில் எலும்பு மஜ்ஜை மாற்றும் சிகிச்சை பம்பாய் டாட்டா நினைவு ஆஸ்பத்திரியில் 1983-ல் தொடங்கிற்று. வேலூர்க் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரியில் 1986-ல் ஆரம்பித்தார்கள். இப்போது சென்னையிலும் நடக்கிறது; ஆயினும் எங்கள் ஐயப்பன்தாங்கல் பக்கத்திலிருந்து பூந்தமல்லி சென்று வேலூருக்குப் பஸ் ஏறுகிறவர்கள் உண்டு.

இதில் கத்தி, ரண சிகிச்சை என்ற பயம் வேண்டாம். பிறர் தந்த மூல அணுக்களை ரத்தம் ஏற்றுவதுபோல் நோயாளிக்கு ஏற்றுகிறார்கள். உடன்பிறந்தார் ஒருவருடைய அணு முற்றிலும் பொருந்துவதற்கு நாலில் ஒரு பங்கு வாய்ப்பு. (பாகப் பிரிவினையில் பொருந்தாத சகோதரர்கள் இதில் பொருந்தினாலும் பொருந்தலாம்!)

அந்த அணுவுக்கு விலையில்லை. விலையெல்லாம் அப்புறந்தான். சிகிச்சைக்குப் பின் சுமார் நூறு நாள் ஆஸ்பத்திரிக்கு அருகிலேயே தங்க வேண்டும். எதிர்ப்புச் சக்தி திரும்பும்வரை சாதாரணக் காய்ச்சலும் யமனாகும். ஆகவே சுத்தமான தனி அறை, கொதித்தாறிய நீர், அவ்வப்போது சமைத்த உணவு, இரவு பகல் துணைக்கு ஓர் ஆள்! தாயார் துணையிருந்தால் வீட்டிலுள்ள மற்றக் குழந்தைகளுக்குச் சோறு போடுவது யார்? தகப்பனார் இருந்தால் சம்பளம் ஏது? வாடகைக் குடித்தனக்காரருக்கோ இரண்டு ஊரில் இரண்டு வாடகை.

தமிழ்நாடு அரசின் காப்பீட்டுத் திட்டம் ஆஸ்பத்திரிச் செலவுக்குக் கைகொடுக்கிறது. இழந்த கூலிக்கு அதில் இடமில்லை. ஊர் திரும்பிய பிறகும் மாதக்கணக்கில் மாத்திரை விழுங்க வேண்டும். பணமுடையால் அதை இடையில் நிறுத்தினால், காக்க வந்த அணுக்களே நோயாளியின் தோலையும் குடலையும் ஈரலையும் தாக்கத் தொடங்கிவிடலாம்.