கரிசலில் ஒரு பட்டம் – 9: காத்தாடிக்குள் என்ன இருக்கிறது?

"அண்ணாச்சி, இ.இ.இ. முடிச்சிட்டேன். சென்னைக்குப் போயி கோடிங் படிக்கவா, இல்ல கேட் எழுதவா?"

திருவேங்கடத்திலிருந்து ஒரு தம்பி கேட்டான். அவன் அம்மா தீப்பெட்டி ஆபீசில் வேலை பார்த்துக் கட்டிய ஃபீஸ். பிடிக்காத துறையில் இரண்டு வருஷத்தைத் தொலைக்கிற வசதி அந்த வீட்டுக்கு இல்லை. சட்டென்று ஒரு பதிலைச் சொல்லிவிட எனக்கு மனம் வரவில்லை.

கோடிங் வேண்டாம் என்று நான் சொல்லவே மாட்டேன். சோஹோவின் ஸ்ரீதர் வேம்பு சென்னை ஐ.ஐ.டி.யில் படித்தது எலெக்ட்ரிக்கல்தான். 1996-இல் தொடங்கிய அந்த நிறுவனத்துக்கு இன்று தென்காசிப் பக்கம் மத்தளம்பாறையிலேயே அலுவலகம் இருக்கிறது. ஆனால் இந்தத் தம்பியிடம் காரணம் கேட்டால், "எல்லாரும் போறாங்க" என்கிறான்.

"கயத்தாறுப் பக்கம் காத்தாடி நிக்குதே, உள்ள போயிப் பாத்திருக்கியாப்பா?"

பஸ் ஜன்னலில் பார்த்ததோடு சரியாம். நான்கு வருஷம் மின்னியல் படித்த பிள்ளை!

செங்கோட்டைக் கணவாய் வழியே வைகாசியிலிருந்து புரட்டாசி வரை வந்து இறங்கும் மேல்காற்றுதான் நம் பக்கத்துச் சொத்து. 1986-லேயே தூத்துக்குடி முள்ளக்காட்டில் காற்றாலை நட்டுப் பார்த்துவிட்டார்கள். கயத்தாறில் தேசிய காற்றாற்றல் நிறுவனத்தின் சோதனை நிலையம் இருக்கிறது. தொண்ணூறுகளில் நட்டவற்றில் பல, 250 கிலோவாட் அளவுக்குச் சின்னவை. இப்போது ஒற்றைக் காற்றாலையே 2, 3 மெகாவாட். பழையதைக் கழற்றிப் புதியதை நிறுத்துவதற்குத் தமிழ்நாடு அரசு 2024-இல் தனிக் கொள்கையே வெளியிட்டது. அஸ்திவாரம் சிவில்காரருக்கு, கியர்பாக்ஸ் மெக்கானிக்கலுக்கு, கன்வர்ட்டரும் துணைமின் நிலையமும் இவனுக்கு.

இன்னொரு வேலையும் உண்டு. நாளைக்கு எவ்வளவு மின்சாரம் வரும் என்று 15 நிமிஷத்துக்கு ஒரு கணக்காக, நாளொன்றுக்கு 96 கணக்கு முன்கூட்டியே கொடுக்க வேண்டும். அளவுக்கு மேல் பிசகினால் பணம் கட்ட வேண்டும். காற்றைப் படிக்கவும் தெரிந்து, புரோகிராம் எழுதவும் தெரிந்தவர்களுக்கான இடம் அது.

கஷ்டத்தையும் சொன்னேன். கோபுரம் ஏற வேண்டும். சீசனில் ராத்திரி போன் வரும். பலருக்கு முதல் வேலை ஒப்பந்த வேலைதான்.

அதனால்தான் முதலில் அப்ரண்டிஸாகப் போகச் சொன்னேன். 1961-ஆம் வருஷச் சட்டப்படி பட்டதாரிகளும் ஒரு வருஷம் உதவித்தொகையோடு தொழில் பழகலாம். இதற்கான தென்மாநில அப்ரண்டிஸ் பயிற்சி வாரியம் சென்னை தரமணியில் இருக்கிறது. ஒரு வருஷம் கையில் கிரீஸ் பட்டால், இது நமக்கு ஆகுமா ஆகாதா என்பது அவனுக்கே தெரிந்துவிடும்.

பத்து நாள் கழித்துப் போன் வந்தது. தெரிந்தவர் ஒருவர் மூலம் ஒரு காற்றாலைக்குப் போய்வந்திருக்கிறான். சம்பளத்தைப் பற்றி வாயே திறக்கவில்லை.

"அண்ணாச்சி, அந்த 96 கணக்கை யாரு போடுறா? எதை வச்சுப் போடுறாங்க?"

அதை அடுத்த வாரம் சொல்கிறேன்.

(தொடரும்)