புது வண்டியைத் துருவிலிருந்து காப்போம்



கண்டமனூர், கடமலைக்குண்டு, மயிலாடும்பாறை தொடங்கி வருசநாடு வரை உள்ள நம் சிறு கடைக்காரர்களுக்கு மோட்டார் சைக்கிள் சவாரி வண்டி மட்டும் அன்று. அதுவே சரக்கு வண்டி. தேனிக்கும் ஆண்டிபட்டிக்கும் போய் மூட்டை கட்டி வருவது அதில்தான். முன்பணம் கட்டி, மீதியை மாதத் தவணையாக அடைக்கிறோம். கடன் தீருமுன் வண்டி தீர்ந்துபோனால் நஷ்டம் யாருக்கு?

"நம் ஊரில் கடல் இல்லை, உப்புக்காற்று இல்லை, துரு எங்கே வரப்போகிறது?" என்று நாம் அலட்சியமாக இருந்துவிடுகிறோம். கடல் காற்று இரும்பை என்ன செய்யும் என்பதற்குப் பாம்பன் பாலமே சாட்சி. 1914இல் திறக்கப்பட்ட அந்த ரயில் பாலத்தில் அரிப்பைத் தடுக்க ஓயாமல் பராமரிப்பு தேவைப்பட்டது. 2022 டிசம்பரில் அதில் ரயில் நிறுத்தப்பட்டு, 2025 ஏப்ரலில் புதுப் பாலம் திறக்கப்பட்டது. வருசநாட்டுக்குக் கடல் காற்று வருவதில்லை. ஆனால் கடல் உப்பு மூட்டையாக நம் கேரியரில் ஏறி வருகிறது. இதை நாம் மறந்துவிடுகிறோம்.

துரு பிடிப்பது எப்படி?

இரும்போடு நீரும் காற்றும் சேர்ந்தால் துரு. அங்கே உப்பும் சேர்ந்தால் அதன் வேகம் பல மடங்காகும். ஐப்பசி, கார்த்திகையில் கடையின் உப்புத் தொட்டி கசிவதை நாம் தினமும் பார்க்கிறோம். காற்றின் ஈரப்பதம் நூற்றுக்கு 75ஐத் தாண்டினால் உப்பு தானாகவே நீரை இழுத்துக் கரைகிறது. சுத்திகரிக்காத கல் உப்பு அதற்கு முன்பே கசியும். தொட்டியில் நடப்பதுதான் கேரியரின் வெல்டிங் இடுக்கில் சிந்திய உப்பிலும் நடக்கிறது. மழை பெய்யாவிட்டாலும் இரும்பு அங்கே நனைந்தபடியே இருக்கும்.

உப்பைப் போலவே கருவாடு, பிளீச்சிங் பவுடர், பொட்டாஷ், அம்மோனியம் சல்பேட் உரம் ஆகியவையும் இரும்புக்குப் பகை. இவற்றில் பிளீச்சிங் பவுடர் மிகக் கொடியது. மாட்டுத்தொழுவத்தை ஒட்டி வண்டியை நிறுத்துவதும் கெடுதலே.

சைலன்சரின் கதை வேறு. அது உள்ளிருந்தும் துருப்பிடிக்கும். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக உண்டாகிறது. வீட்டுக்கும் கடைக்கும் அரைக் கிலோமீட்டர் மட்டுமே ஓட்டினால் சைலன்சர் சூடேறாது. ஆவி உள்ளேயே நீராகத் தங்கும். 2020 ஏப்ரலில் வந்த பி.எஸ்.6 விதிக்குப் பின் வந்த வண்டிகளில் புகையைச் சுத்தம் செய்யும் கருவியும் சைலன்சரோடு சேர்ந்திருப்பதால், மாற்றினால் செலவு அதிகம்.

செய்ய வேண்டியவை

1. கூடுதல் கேரியர், காவல் கம்பி பொருத்தும்போது துளையிட்ட, வெல்டிங் செய்த இடங்களில் அன்றே பிரைமரும் பெயிண்டும் அடிக்கச் சொல்லுங்கள். பெயிண்ட் போன இடமே துருவின் வாசல்.

2. உப்பு, உரம் ஏற்றும் நாளில் கேரியரின் மேல் கனத்த பிளாஸ்டிக் தாளோ ரப்பர் விரிப்போ போட்டு அதன்மேல் மூட்டையை வையுங்கள். ஈரச் சாக்கை வண்டியிலேயே விட்டுவிடாதீர்கள்.

3. இறக்கிய அன்று மாலையே, என்ஜின் ஆறிய பிறகு, நல்ல தண்ணீரில் கழுவுங்கள். மட்கார்டின் அடிப்பக்கம், ஸ்டாண்டு, ரிம், கேரியர் இடுக்கு முக்கியம். பிறகு துணியால் துடைத்து, இரண்டு மூன்று கிலோமீட்டர் ஓட்டிவிட்டு நிறுத்துங்கள்.

4. கழுவிக் காய்ந்த செயினுக்கு அதற்குரிய எண்ணெய் போடுங்கள். பேட்டரி முனைகளில் சிறிது வாசலின் தடவலாம். மழைக்காலத்துக்கு முன் பெயிண்டுக்கு ஒருமுறை மெழுகுப் பாலிஷ் போடுவது நல்லது.

5. பல நாள் வண்டியை எடுக்காவிட்டால் டேங்கை நிரப்பி வையுங்கள். இன்றைய பெட்ரோலில் கலந்துள்ள எத்தனால் ஈரத்தை இழுக்கும். காலி டேங்கில் உள்ளே வேர்த்துத் துரு பிடிக்கும்.

செய்யக் கூடாதவை

சலவைத்தூள், சோடா போட்டுக் கழுவ வேண்டாம்; மெழுகுப் பூச்சு போய்விடும். டீசல், மண்ணெண்ணெய் அடிக்கும் பழக்கத்தை விடுங்கள். அது புழுதியை ஒட்டவைக்கும், ரப்பரைக் கெடுக்கும். நனைந்த வண்டியைப் படுதாவால் இறுக்கி மூடுவது ஈரத்தைப் பூட்டி வைப்பதற்குச் சமம். வண்டியை மண் தரையில் நிறுத்துவதைவிடச் சிமெண்டுத் தரையில் நிறுத்துங்கள்.

உயிர் சம்பந்தப்பட்ட ஒன்றையும் சொல்ல வேண்டும். துரு முதலில் அழகைக் கெடுக்கும். அடுத்துப் பிரேக் கேபிளையும் கேரியர் வெல்டிங்கையும் தின்னும். முதுகுக்குப் பின்னால் மூட்டையோடு சரிவில் இறங்கும்போது கேபிள் அறுந்தால் என்ன ஆகும் என்பதை நாம் விளக்கத் தேவையில்லை. ஆகவே மாதம் ஒருமுறை கேபிள் முனைகளைப் பாருங்கள். ஒரு இழை அறுந்திருந்தாலும் உடனே மாற்றுங்கள்.

நல்ல தண்ணீர் இரண்டு வாளி, ஒரு பழைய துணி, கால் மணி நேரம். செலவு இவ்வளவுதான். கடையில் உப்பு நனையாமல் காக்கத் தெரிந்த நமக்கு, உப்பிலிருந்து வண்டியைக் காப்பதும் கைவரும்.