ஓவியக்கூடத்துக்கு வேண்டிய வெளிச்சமும் செங்கல்லும்

பழைய வீட்டோடு ஓர் அறையைச் சேர்த்துக் கட்டுவதும் தோட்டத்தில் ஓவியருக்கெனத் தனிக்கூடம் எழுப்புவதும் பார்வைக்குச் சிறு வேலைகளே ஆயினும், ஏற்கெனவே நிற்கும் சுவருக்கும் மரத்துக்கும் வடிகாலுக்கும் இணங்கியே அவற்றைச் செய்ய வேண்டியிருப்பதால், வெற்று மனையில் வீடு கட்டுவதைவிடக் கூடுதலான யோசனையை அவை கேட்கின்றன. சூழலுக்கு உகந்த கட்டடம் என்றவுடன் கூரைமேல் பதிக்கும் சூரியத் தகடுகளே நினைவுக்கு வருகின்றன. ஆனால் சிமெண்டு, கம்பி, சுட்ட செங்கல் ஆகிய மூன்றும் தயாராகும்போதே பெருமளவு எரிபொருளை விழுங்கிவிடுவதால், அவற்றை எவ்வளவு குறைக்கலாம் என்பதிலிருந்துதான் கணக்கைத் தொடங்க வேண்டும்.

இந்தக் கணக்கை வாழ்நாள் முழுவதும் போட்டவர் லாரி பேக்கர் (1917–2007). பிர்மிங்காமில் பிறந்து, 1945-இல் இந்தியாவுக்கு வந்த இக்கட்டடக் கலைஞர், திருவனந்தபுரத்தின் நாலாஞ்சிறையில் சரிவான பாறை நிலத்தில் அமைத்துக்கொண்ட ‘ஹேம்லெட்’ என்னும் வீடு, ஒரே மூச்சில் கட்டி முடிக்கப்படாமல், தேவை எழுந்தபோதெல்லாம் பாறையையும் மரங்களையும் ஒட்டிச் சிறுகச் சிறுக விரிந்தது. அவர் கேரளத்தில் பரவலாக்கிய முறைகள் சிறு கூடங்களுக்கு நன்கு பொருந்துகின்றன. எனினும் ஓவியக்கூடம் என்று வரும்போது சிலவற்றைத் திருத்திக்கொள்ள வேண்டும்.

முதலில் வெளிச்சம். நேர்வெயில் விழுந்தால் வண்ணங்களின் தோற்றம் மணிக்கு மணி மாறும் என்பதால், ஐரோப்பிய ஓவியர்கள் வடக்குச் சாளரத்தையே நாடினர். அங்கே சூரியன் நாள் முழுவதும் பெரும்பாலும் தெற்கு வானிலேயே செல்லும். திருவனந்தபுரமோ வட அட்சம் 8.5 பாகையில் இருப்பதால், ஏப்ரல் நடுவிலிருந்து ஆகஸ்டு இறுதிவரை நண்பகல் சூரியன் தலைக்கு வடக்கே சாய்ந்து, ஜூன் 21-ஐ ஒட்டி ஏறத்தாழ 15 பாகை விலகி நிற்கிறது. ஒன்றரை மீட்டர் உயரச் சாளரத்துக்கு மேலே 40 சென்டிமீட்டர் நீளும் சன்ஷேடு அந்த நண்பகல் வெயிலைத் தடுத்துவிடும். ஆனால் காலையிலும் மாலையிலும் பக்கவாட்டில் தாழ்வாக நுழையும் கதிர்களுக்குச் சாளரத்தின் இருபுறமும் செங்குத்துத் தடுப்புகளும் தேவை. வடக்குச் சாளரம் ஒன்றே போதும் என்னும் பாடநூல் விதியை அப்படியே பின்பற்றினால், சென்னையிலும் இதே சிக்கல் சற்றுக் குறைந்த அளவில் எழும்.

சுவருக்குப் பேக்கர் விரும்பிய முறை எலிப்பொறிக் கட்டு. வழக்கம்போல் படுக்கையாக வைக்காமல் செங்கற்களை விளிம்பின்மேல் நிறுத்தி, நீளவாட்டில் இரண்டு கற்களை எதிரெதிராகவும் அவற்றை இணைக்கும் ஒரு கல்லைக் குறுக்காகவும் மாறி மாறி அடுக்குவது இதன் இலக்கணம். 230 மில்லிமீட்டர் கனச் சுவரில், 75 மில்லிமீட்டர் தடிப்புள்ள இரு கற்கள் போக நடுவே 80 மில்லிமீட்டர் வெற்றிடம் மிஞ்சுகிறது. செங்கல் ஐந்தில் ஒரு பங்குக்கும் கால் பங்குக்கும் இடைப்பட்ட அளவு குறைவதோடு, கலவையும் மிச்சமாகிறது. உள்ளே அடைபட்ட காற்று வெப்பத்தை எளிதில் கடத்தாததால் மேற்குச் சுவரின் சூடும் தணிகிறது. மூலைகளிலும் கதவு நிலைகளின் ஓரத்திலும் மட்டும் வெற்றிடத்தை விடாது நிரப்ப வேண்டும். கட்டி முடித்தபின் மின்குழாய்க்காகச் சுவரை வெட்டுவது இம்முறைக்கு ஆகாது என்பதால், கொத்தனாரும் மின்பணியாளரும் முன்கூட்டியே பேசிவைத்துக்கொள்வது நல்லது.

கூரையிலும் இதே சிக்கனம் உண்டு. பாரத்தால் வளையும் தளத்தின் அடிப்பகுதியில் ஏற்படும் இழுவிசையைக் கம்பியே தாங்குகிறது. அங்குள்ள கான்கிரீட்டின் பங்கு சொற்பமே. ஆகவே கம்பிகளுக்கு இடையே இரண்டிரண்டாக மங்களூர் ஓடுகளைக் கவிழ்த்துப் பதித்து, அந்த இடத்துக் கான்கிரீட்டைத் தவிர்க்கலாம். சுவரை ஒட்டிய ஓரத்தில் மட்டும் வெட்டு விசை மிகுதியாதலால் ஓடின்றி முழுக் கான்கிரீட்டாகவே வார்க்க வேண்டும். பூசப்படாத செங்கல்லும் ஓடும் கண்ணுக்கு அழகுதான். ஓவியருக்கோ அவற்றிலிருந்து தெறிக்கும் செம்மை கித்தானின்மேல் படிந்து வண்ணத்தை ஏமாற்றும். எனவே உட்புறத்துக்கு வெள்ளைச் சுண்ணாம்புப் பூச்சைத் தவிர்க்க இயலாது.

வீட்டோடு ஒட்டும் அறையில், புதுச்சுவரைப் பழைய சுவரோடு பல்லுக்குப் பல் கோத்துக் கட்டுவது பலமானது என்று தோன்றினாலும், பழைய அஸ்திவாரம் ஏற்கெனவே அமுங்கி நிலைத்திருக்க, புதியது பாரமேறிய பின்னரே அமுங்குவதால், இரண்டும் கோத்திருந்தால் விரிசல் விழும். இடையே சிறு இடைவெளி விட்டு, மழை புகாதபடி நெகிழும் பொருளால் மூடுவதே தக்க முறை.

எஞ்சுவது காற்று. பேக்கரின் கட்டடங்களில் செங்கற்களுக்கிடையே துளைகள் விட்டுக் கட்டிய ஜாலிச் சுவர் காற்றையும் ஒளியையும் ஒருசேர விடுகிறது. அந்த ஒளி பொட்டுப் பொட்டாகச் சிதறி விழுவதால் கித்தான் நிற்கும் பக்கத்துக்கு உதவாது. ஆயினும் எண்ணெய் வண்ணத்தில் கலக்கும் டர்பெண்டைனின் ஆவி காற்றைவிடக் கனமானதாகையால் தரையை ஒட்டியே தேங்குகிறது. அது வெளியேற, ஓவியரின் முதுகுப்புறச் சுவரில் முழங்காலுக்குக் கீழே இரண்டு வரிசை ஜாலி விட்டு, எதிர்ப்புறம் கூரையருகே ஒரு வெண்டிலேட்டர் வைத்தால் போதும்.