எடை குறைக்கும் ஊசியும் நம்முடைய இரக்கமும்

கிறிஸ்துவுக்குள் அன்பான ஆதரவாளர்களே,

சபைகளுக்குச் செல்லும் இடங்களில், "உடம்பு இளைக்க ஊசி வந்திருக்கிறதாமே, அதைப் போட்டுக்கொள்ளலாமா?" என்று எங்களைக் கேட்கிறார்கள். "வாயைக் கட்டாதவர்களுக்கு மருந்து எதற்கு?" என்று கேட்பவர்களும் உண்டு. எங்கள் டாக்டர்களிடம் கேட்டறிந்ததை இம்மடலில் விளக்க விரும்புகிறோம்.

இளைப்பதற்கு ஹார்மோன் ஊசி என்பது புதிய எண்ணம் அல்ல. இந்தியாவில் பல ஆண்டுகள் பணியாற்றிப் பின்பு ரோம் நகரில் வாழ்ந்த டாக்டர் சிமியன்ஸ் என்பவர் 1954-இல் லான்செட் மருத்துவ இதழில் ஒரு முறையை எழுதினார். கர்ப்பகாலத்தில் நஞ்சுக்கொடியில் சுரக்கும் எச்.சி.ஜி. ஹார்மோனை ஊசியாகப் போட்டு, நாளொன்றுக்கு 500 கலோரி மட்டும் உண்ணச் செய்வதே அம்முறை. பலருக்கு எடை குறைந்தது. ஆனால் பின்னர் செய்த சோதனைகளில், அதே பத்தியத்தோடு வெறும் உப்புநீர் ஊசி போட்டுக்கொண்டவர்களும் அதே அளவு இளைத்தார்கள். இளைக்க வைத்தது பட்டினியே, ஹார்மோன் அல்ல. ஆகவே இன்றும் யாராவது எச்.சி.ஜி. ஊசியை எடை குறைக்க விற்றால் ஏமாந்து போகாதிருங்கள்.

இப்போது பேசப்படும் ஊசி வேறு. நாம் உண்டவுடன் நம் குடல் ஜி.எல்.பி.-1 என்னும் ஹார்மோனைச் சுரக்கிறது. அது கணையத்தை இன்சுலின் சுரக்கத் தூண்டுகிறது. இரைப்பையிலிருந்து உணவு மெதுவாக இறங்கச் செய்கிறது. "போதும்" என்று மூளைக்கு அறிவிக்கிறது. சரீரத்தில் இயல்பாகச் சுரப்பது சில நிமிடங்களில் சிதைந்துபோகும். அதைப் போலச் செய்யப்பட்ட செமாகுளூடைடு என்ற மருந்தோ பல நாட்கள் நிலைத்திருப்பதால் வாரம் ஒரு ஊசி போதும். 2021-இல் வெளியான ஆய்வில் 1,961 பேர் கலந்துகொண்டார்கள். 68 வாரங்களில் மருந்து பெற்றவர்களின் எடை சராசரியாக 14.9 சதவீதமும், மருந்தில்லா ஊசி பெற்றவர்களின் எடை 2.4 சதவீதமும் குறைந்தது. உணவு ஆலோசனையும் உடற்பயிற்சியும் இரு சாராருக்கும் ஒன்றே. பருமனோடு இருதய நோயும் உடையவர்களுக்கு மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை 20 சதவீதம் குறைந்ததாக 2023-இல் வெளியான மற்றொரு ஆய்வு காட்டியது.

ஆயினும் இது மாயமருந்து அல்ல. குமட்டல், வாந்தி, பேதி, மலச்சிக்கல் வரக்கூடும். சிலருக்குப் பித்தப்பைக் கல்லும், அரிதாகக் கணைய அழற்சியும் உண்டாகலாம். கர்ப்பிணிகளுக்கு ஆகாது. ஊசியை நிறுத்தியவர்கள், குறைந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கை ஓராண்டுக்குள் திரும்பப் பெற்றார்கள். எனவே டாக்டரின் கண்காணிப்பின்றி ஒருவரும் இதைப் போட்டுக்கொள்ளலாகாது.

இங்கே நாங்கள் ஒன்றை அறிக்கையிட வேண்டும. பிரசங்க பீடத்திலிருந்து பெருந்தீனியைக் கண்டித்து நாங்கள் பலமுறை பேசியிருக்கிறோம். ஒரு நாள் சர்க்கரை நோய்ப் பிரிவில் ஒரு தாயார், "ஐயா, நான் சாப்பிடுவது கொஞ்சம்தான். ஒருவரும் நம்புவதில்லை. வெட்கத்தினால் பெண்கள் ஐக்கிய சங்கத்துக்கும் போவதை விட்டுவிட்டேன்" என்று அழுதார். பசியையும் நிறைவையும் ஹார்மோன்கள் ஆளுகின்றன என்றும், அவை எல்லாருக்கும் ஒன்றுபோல் வேலை செய்வதில்லை என்றும் டாக்டர் எங்களுக்கு விளக்கினார். எங்கள் பிரசங்கத்தைக் கேட்டு எத்தனை பேர் இப்படித் தலைகுனிந்து போயிருப்பார்களோ என்று எண்ணி வெட்கப்பட்டோம். இச்சையடக்கம் நல்லதே. ஆனால் வியாதியைப் பாவம் என்று தீர்ப்பது நம் வேலை அல்ல. ஜெபிக்கிறவர் மருந்து உட்கொள்வது அவிசுவாசமும் அல்ல.

உங்கள் காணிக்கை இதற்குச் செலவாகிறதா என்று கேட்பீர்கள். இல்லை. இவ்வகையைச் சேர்ந்த டிர்செப்படைடு ஊசி 2025 மார்ச்சில் இந்தியாவுக்கு வந்தபோது, மிகக் குறைந்த அளவுள்ள ஒரு வார ஊசியே 3,500 ரூபாய். அந்தப் பணத்தில் பல ஏழைகளுக்கு இன்சுலின் வாங்கலாம். ஆகவே ஏழை வியாதியஸ்தர் நிதியை இன்சுலினுக்கும் இரத்தப் பரிசோதனைக்கும் உணவு ஆலோசனைக்கும் செலவிடுகிறோம். அந்தத் தாயாருக்கும் இவற்றையே கொடுக்க முடிந்தது. வசதியுள்ளவருக்குக் கிடைக்கும் ஊசி அவருக்குக் கிடைக்கவில்லை என்பது எங்களுக்குப் பாரமாகவே இருக்கிறது. மிகவும் தேவையுள்ளவர்களுக்காவது வாங்கக்கூடிய அளவுக்கு விலை இறங்கும்போது இந்த முடிவை மறுபடியும் ஆராய்வோம்.

அதுவரை நீங்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. அதற்குப் பணம் தேவையில்லை. உங்கள் சபையில் பருமனாயிருக்கும் சகோதரியையோ சகோதரனையோ பார்த்து, "இன்னும் பெருத்துவிட்டீர்களே" என்று சொல்லாதிருங்கள். "சுகமாயிருக்கிறீர்களா?" என்று கேளுங்கள். அவர்களுக்காகவும், எங்கள் டாக்டர்களுக்காகவும், நர்சுகளுக்காகவும் ஜெபித்துக்கொள்ளுங்கள்.

கிறிஸ்துவின் பணியில்,
மருத்துவமனைப் போதகர்